ஸ்டோர் ரூமில் உறங்கும் ரீலை எழுப்புவோம்

பழைய தூண்டில் ரீலை வீட்டிலேயே பிரித்து, துடைத்து, மீண்டும் சுழல வைக்க சில ஞாயிற்றுக்கிழமை மதியங்களும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வீவக வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ அறையின் கனமான கதவைத் திறந்து பாருங்கள். தீபாவளி விளக்குச் சரம், பொங்கல் பானை, ஓடாத மின்விசிறி, பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால், சுவரோரமாக ஒரு தூண்டில் கம்பு சாய்ந்து நிற்கும் வீடுகள் நிறைய உண்டு. அதன் அடிப்பகுதியில் ஒரு ரீல் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அசையாது. அசைந்தாலும் கரகரவென்று முனகும். ஓரங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

வீடு மாறும்போதும் தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போதும் “இதைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்ற கேள்வி எழும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ரீலில் பேட்டரி இல்லை, மின்சுற்று இல்லை, மென்பொருள் இல்லை. கியர்கள், வாஷர்கள், ஸ்பிரிங்குகள், திருகாணிகள், அவ்வளவுதான். எல்லாமே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவை. நம் நாட்டின் ஒரே குப்பை நிரப்பு நிலம் செமாக்காவ் தீவில் இருக்கிறது. 1999ல் திறக்கப்பட்ட அது 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்படுகிறது. ஒரு ரீலால் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை. ஆனால் பழுதான பொருளை முதலில் பிரித்துப் பார்ப்போம் என்ற பழக்கம் ஒரு வீட்டுக்குள் வருவது பெரிய மாற்றம்.

எண்ணூறு ஆண்டு உறவு

தூண்டிலில் நரம்பைச் சுற்றிவைக்கும் உருளை புதிய கண்டுபிடிப்பு அன்று. சீன ஓவியர் மா யுவான் ஏறத்தாழ 1195ல் தீட்டிய ஓர் ஓவியத்தில், குளிர்கால ஏரியில் சிறு படகில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தூண்டிலில் ரீல் இருக்கிறது. ரீலைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் அதுவும் ஒன்று.

இன்று நாம் அதிகம் பயன்படுத்தும் ‘ஸ்பின்னிங்’ வகைக்கு அடித்தளம் இட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். 1905ல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில், வீசும்போது நரம்பு சுற்றிய உருளை சுழலாது. நரம்பு மட்டும் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகப் பறக்கும். 1932ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டோ ஹென்ஸ் தொடங்கிய ‘பென்’ நிறுவனத்தின் ரீல்களை இன்றும் பழைய பெட்டிகளில் காணலாம். சைக்கிள் கியருக்கும் தூண்டில் ரீலுக்கும் பேர்போன ஜப்பானின் ‘ஷிமானோ’, 1973ல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைச் சிங்கப்பூரில் அமைத்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஸ்பின்னிங் ரீலின் உடம்பை ஒருமுறை தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். கைப்பிடியைச் சுற்றும்போது உள்ளே இருக்கும் பெரிய கியர் சுழல்கிறது. அது ‘பினியன்’ எனப்படும் சிறிய கியரைச் சுழற்றுகிறது. பினியனோடு சேர்ந்து ‘ரோட்டர்’ சுழல, அதில் பூட்டியிருக்கும் வளைந்த கம்பியான ‘பெயில்’ நரம்பைப் பிடித்து ஸ்பூலின் மேல் சுற்றிவிடுகிறது. ஐந்துக்கு ஒன்று என்ற கியர் விகிதம் என்றால், கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ரோட்டர் ஐந்து சுற்று ஓடும்.

இன்னொரு முக்கியமான பாகம் ‘டிராக்’. ஸ்பூலுக்குள் அடுக்கியிருக்கும் வாஷர்கள் பிரேக் போல வேலை செய்யும். பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், ஸ்பூல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுத்தே வெல்லும் தந்திரம் அது.

முதலில் காதைக் கொடுங்கள்

வானொலியில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்குக் கண்ணைவிடக் காது முந்தும். ரீல் விஷயத்தில் அது நல்ல பழக்கம்தான். திருப்புளியைத் தொடும் முன், அமைதியான அறையில் ரீலைக் காதருகே பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். கோளாறு எங்கே என்று அதுவே சொல்லும்.

மணல் அரைபடுவது போல் தொடர்ந்து ‘கரகர’ என்றால், பேரிங்கில் உப்போ தூசியோ புகுந்திருக்கிறது. கைப்பிடி ஒரு சுற்று வரும்போது ஒரே ஒரு ‘டிக்’ கேட்டால், பெரிய கியரின் ஒரு பல்லில் சேதம் இருக்கலாம். அதே ஒரு சுற்றுக்குள் ஐந்து முறை கேட்டால், கோளாறு பினியன் அல்லது ரோட்டர் பக்கம். நரம்பை ஏற்றும்போது மட்டும் ‘கீச்’ என்று சத்தம் வந்தால், பெயில் கம்பியின் ஓரத்தில் இருக்கும் சிறு உருளையான ‘லைன் ரோலர்’ காய்ந்து கிடக்கிறது. சத்தமே இல்லை, ஆனால் சுற்றக் கடினமாக இருக்கிறதா? உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். பயப்படத் தேவையில்லை, இருப்பதிலேயே எளிதில் தீரும் கோளாறு அது.

டிராக்கையும் சோதியுங்கள். நரம்பைக் கையால் இழுத்தால் ஒரே சீராக வரவேண்டும். விட்டு விட்டு வந்தால் வாஷர்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மேசையில் என்னென்ன வேண்டும்?

திருகாணியின் தலைக்கு அச்சாகப் பொருந்தும் திருப்புளிகள், சிறிய ஸ்பேனர், பழைய பல்துலக்கி, காது குடையும் பஞ்சுக் குச்சிகள், வெள்ளைத் துண்டு, காலியான முட்டை அட்டை, கைப்பேசி. கூடவே பாத்திரம் கழுவும் திரவம், கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது வொய்ட் ஸ்பிரிட், ரீலுக்கான எண்ணெய், கிரீஸ். எண்ணெயும் கிரீஸும் தூண்டில் கடைகளில் சிறு குப்பிகளில் கிடைக்கும். எங்கள் வீட்டு வேலைக்கு, மாற்றிய ஒரு பேரிங்கையும் சேர்த்து, முப்பது வெள்ளிக்குள் முடிந்தது.

வெள்ளைத் துண்டு எதற்கு என்றால், மணி அளவு ஸ்பிரிங் கருப்பு மேசையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. முட்டை அட்டையில் குழிகளுக்கு எண் போட்டுக்கொண்டு, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை வையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன்னும் பின்னும் ஒரு படம். வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எது மேல், எது கீழ் என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

பிள்ளைகளை உட்கார வையுங்கள், படம் எடுக்கும் வேலையை அவர்களுக்கே கொடுங்கள். ஆனால் சின்னஞ்சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் பேரிங்கும் திருகாணியும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மண்ணெண்ணெயைக் கையுறையோடு, சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு அப்பால் பயன்படுத்துங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

அவசரம் ஆகாது

முதலில் டிராக் குமிழைக் கழற்றி ஸ்பூலை எடுங்கள். பிறகு கைப்பிடி, பக்கவாட்டு மூடி, பெரிய கியர். கடைசியாக ரோட்டரும் பினியனும். பல ரீல்களில் ரோட்டரைப் பிடித்திருக்கும் நட்டு எதிர்ப்பக்கமாகத் திருகினால்தான் கழலும். வரவில்லையே என்று வலுவைக் கூட்டாமல், எந்தப் பக்கம் திருகுகிறோம் என்று யோசியுங்கள். பெயில் கம்பியின் ஸ்பிரிங் இறுக்கமாக அடங்கியிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, மேலே ஒரு துணியை மூடிக் கழற்றினால் பறந்து போகாது.

இறுகிய திருகாணிதான் பலரைப் பாதியில் நிறுத்திவிடும். டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தைச் சூடாக்கலாம். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். திருப்புளியைக் கீழ்நோக்கி அழுத்தியபடியே திருகுங்கள். தலை தேய்ந்துவிட்டால் வேலை பத்து மடங்காகும்.

உப்பின் கைவரிசை

கடலோர நாட்டில் ரீலுக்கு முதல் எதிரி உப்பு. மீன்பிடித்து வந்த அன்று கழுவாமல் வைத்தால், தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றிலிருந்து அது மீண்டும் மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அலுமினிய உடலும் எஃகுத் திருகாணியும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடத்தில், அந்த உப்பு ஈரம் நடுவே புகுந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். திருகாணி இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அரிப்பு. பச்சை படிந்திருந்தால் பித்தளை. செம்பழுப்பு என்றால் இரும்பு. உடலையும் ஸ்பூலையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் பல்துலக்கியால் தேய்த்தாலே பாதி அழுக்கு போய்விடும். இறுகிய கிரீஸுக்கு மண்ணெண்ணெய். பிடிவாதமான வெள்ளைப் பொடிக்கு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பஞ்சுக் குச்சியால் தொட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊறப்போடக் கூடாது. ஊறினால் நல்ல அலுமினியத்தையும் அது தின்னத் தொடங்கும். எல்லாவற்றையும் முழுக்க உலர்த்திய பிறகே அடுத்த வேலை.

துடைக்கக் கூடாத கீறல்

நான் இந்த வேலையைக் கற்றது என் அப்பாவோடு. எங்கள் வீட்டு ரீல் ஜப்பானில் செய்தது, 1980களில் பெரியப்பா வாங்கியது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவர், சனிக்கிழமை இரவென்றால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு சாங்கி பக்கம் போய்விடுவாராம். பெரியப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அதன் பிறகு அப்பா தூண்டில் பிடித்து நான் பார்த்ததில்லை. ரீலை எறியவும் விடவில்லை, தொடவும் இல்லை.

போன ஆண்டு வீடு மாறும்போதுதான் அதை வெளியே எடுத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அப்பா அதிகம் பேசாதவர். என் தொழிலே அடுத்தவரைப் பேச வைப்பது. இருந்தும் என்னால் பேச வைக்க முடியாத ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

பக்கவாட்டு மூடியைத் துடைத்தபோது உட்புறத்தில் ஆணியால் கீறிய ‘மு’ என்ற எழுத்தும், பக்கத்தில் ஏழு சிறு கோடுகளும் தெரிந்தன. “இதையும் தேய்ச்சு வழவழப்பாக்கிடலாமாப்பா?” என்று கேட்டேன்.

“அத விடும்மா. அது அண்ணன் போட்டது.”

சற்று நேரம் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஒவ்வொரு கோடும் ஒரு கொடுவா. சின்னதுக்கெல்லாம் கோடு போட மாட்டாரு. கடைசிக் கோடு என்னோடது. நான் இழுத்தேன், அண்ணன் வலையில ஏந்துனாரு. வீட்டுக்கு வந்து, இதைக் கழற்றி, என் கையிலதான் ஆணியைக் கொடுத்தாரு” என்றார்.

மற்ற ஆறு கோடுகளும் நேராக இருந்தன. ஏழாவது கொஞ்சம் கோணல்.

பதிவு செய்யட்டுமா என்று கேட்டு, தலையசைத்ததும் கைப்பேசியை மேசையில் வைத்தேன். முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. பெரியப்பா விசிலடிப்பது, இரண்டு பேருக்கு ஒரே ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோனது, மழையில் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. எனக்கு முகம்கூட நினைவில்லாத ஒரு மனிதர், கியர் துடைக்கும் சத்தத்துக்கு நடுவே எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் மகளுக்கு இப்போது அவரைத் தெரியும்.

பழைய பொருளைச் சீரமைப்பது வேறு, புதிதாக்குவது வேறு. அரிப்பு, இறுகிய கிரீஸ், உப்பு ஆகியவை ரீலைக் கொல்பவை. அவற்றை இரக்கமில்லாமல் அகற்றுங்கள். கை பட்டுப் பட்டுத் தேய்ந்த குமிழ், மங்கிய எழுத்து, பாறையில் இடித்த தழும்பு ஆகியவை ரீல் வாழ்ந்த அடையாளங்கள். அவற்றின் மேல் வண்ணம் அடிக்கத் தேவையில்லை. அரிப்பு பரவாமல் இருக்க, வெளிப்புறத்தில் கார் மெழுகை மெல்லப் பூசித் துடைத்தால் போதும்.

எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ்?

மெதுவாக, பாரத்தோடு உரசும் இடங்களுக்குக் கிரீஸ். வேகமாகச் சுழலும் சிறு பாகங்களுக்கு எண்ணெய். கியர்ப் பற்களின் இடுக்குகளில் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவுங்கள். அப்பி வைத்தால் சுற்றுவது கனக்கும். பேரிங், லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ் ஆகியவற்றுக்கு ஓரிரு சொட்டு எண்ணெய். திருகாணிகளின் மரையிலும் கடுகளவு கிரீஸ் தடவினால், அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

டபிள்யூடி-40 இறுகியதைத் தளர்த்த நல்லது. ஆனால் அதையே நிரந்தர எண்ணெயாக நம்ப வேண்டாம். டிராக் வாஷர்கள் கம்பளி ஃபெல்ட்டாக இருந்தால், அதற்கென்றே விற்கும் டிராக் கிரீஸைத் தவிர வேறெதையும் தடவாதீர்கள். சற்றுப் புதிய ரீல்களில் கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங் இருக்கும். அதில் கிரீஸ் புகுந்தால் பிடி வழுக்கும். அதைத் துடைத்துக் கிட்டத்தட்ட உலர்வாகவே விடுங்கள்.

கழுவிய பிறகும் பேரிங் கரகரத்தால் மாற்றிவிடுவதே மேல். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்தால் போதும். 7×14×5 என்பது போல அந்த அளவைச் சொல்லியே பேரிங் கடையில் வாங்கலாம், ரீலின் பெயர் தேவைப்படாது. லைன் ரோலரின் மேல் ஒரு பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே நரம்பை அறுக்கும் பள்ளம் இருக்கிறது என்று பொருள்.

பாகம் கிடைக்காவிட்டால்?

முன்பெல்லாம் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் தேடலாம். அது 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இன்று அந்த வேலையை ‘கரோசல்’ போன்ற தளங்கள் செய்கின்றன. அதே மாதிரி ரீல் ஒன்று ஓடாத நிலையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நோயாளிகளைக் கொண்டு ஒருவரை நடக்க வைத்துவிடலாம். ரீலின் மாடல் எண்ணைக் கொண்டு இணையத்தில் தேடினால், பாகங்களை எண்ணிட்டுக் காட்டும் வரைபடமும் பெரும்பாலும் கிடைக்கும்.

தனியாகச் செய்யத் தயக்கமா? 2014 முதல் சிங்கப்பூரில் நடக்கும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ நிகழ்வுகளில், வீட்டுப் பொருள்களைப் பழுதுபார்க்கத் தொண்டூழியர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். ரீலையும் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது? உடலில் விரிசல் விட்டிருந்தால், பெரிய கியரின் பற்கள் மழுங்கி மாற்றும் கிடைக்காவிட்டால், மீன்பிடிக்கும் ஆசையை விட்டுவிடலாம். துடைத்து அலமாரியில் வையுங்கள். அதுவும் சீரமைப்புதான்.

மீண்டும் தண்ணீருக்கு

பூட்டி முடித்ததும் பழைய நரம்பை அப்படியே நம்பாதீர்கள். வெயில் பட்டு நைலான் வலுவிழந்திருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், கடற்கரையில் விட்டால் பறவைகளின் காலில் சுற்றும். புது நரம்பை ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும்வரை ஏற்றுங்கள். டிராக்கை நரம்பின் தாங்கும் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வைப்பது வழக்கம். பத்து கிலோ நரம்பென்றால் இரண்டரை, மூன்று கிலோ இழுப்பில் ஸ்பூல் நழுவத் தொடங்க வேண்டும். சாமான் எடை பார்க்கும் சிறு கொக்கித் தராசால் அளந்துவிடலாம்.

எங்கே போவது? பிடோக் படகுத்துறை போன்ற அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும் தூண்டில் போடுங்கள். நீர்த்தேக்கங்களில், மீன்பிடிக்க ஒதுக்கப்பட்ட பகுதியில், செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். அங்கிருக்கும் அறிவிப்புப் பலகையை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் டிராக்கை இறுக்கிவைத்து, மெல்லிய நீரில் ரீலை அலசுங்கள். இறுக்கி வைத்தால் வாஷர்களுக்குள் தண்ணீர் புகாது. வேகமாகப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளிவிடும். துடைத்து உலர்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதைச் செய்தால் அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

ஒரே ஒரு கூடுதல் கருவியைப் பரிந்துரைக்கிறேன்: கைப்பேசியின் ஒலிப்பதிவுப் பொத்தான். ரீலைப் பிரிக்கும் நாளில், அதை வாங்கியவரோ அவரை அறிந்தவரோ வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். ஒரு திருகாணியைக் கையில் கொடுத்து, “இது எங்கே போகும்?” என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.